எலும்பில் மாடு இருக்கிறதா

எங்கள் அபார்ட்மெண்டில் யாருக்கு சர்க்கரை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல. என் மாமனார், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், எனக்குக் கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "மருமக மெடிக்கல் லேப்ல இருக்கா" என்று சொல்லிவைத்துவிட்டார். அன்றிலிருந்து லிஃப்டில் என்னோடு யாராவது ஏறினால் போதும், பையிலிருந்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வெளியே வந்துவிடும். நானும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்து, "கொஞ்சம் நடங்க அங்கிள்" என்பேன். இதைச் சொல்ல லேப் எதற்கு, ஸ்டெத்தாஸ்கோப் எதற்கு.

உண்மையில் நான் பார்ப்பது ரத்தமல்ல, எலும்பு. பல் போய்த் தாடை தேய்ந்தவர்களுக்கும், எலும்பு நொறுங்கி நடுவில் குழி விழுந்தவர்களுக்கும் டாக்டர்கள் அந்தக் குழியில் ரவை மாதிரி ஒரு பொருளை வைப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நம் சொந்த எலும்பு மெல்ல வளர்ந்து வரும். அந்த ரவை பெரும்பாலும் மாட்டெலும்பு. கழுவி, கொழுப்பெடுத்து, சூளைச் சூட்டில் எரித்து, மாட்டுக்குரியதெல்லாம் போனபின் மிஞ்சுகிற வெள்ளைச் சுண்ணாம்புத் தாது. பன்றி, பவளம், மீன் முள் என்றும் வரும். ஒரு கம்பெனிக்காரர் முட்டை ஓட்டிலிருந்து செய்து சோதிக்கக் கொண்டுவந்தார். டப்பாவைத் திறந்ததும் எனக்குப் பசித்தது, அதை ரிப்போர்ட்டில் எழுத இடமில்லை.

இவை மனிதர் உடம்புக்குள் போவதற்கு முன், ஏதாவது கெடுதல் செய்யுமா என்று பார்க்கிற எங்கள் லேப் பெங்களூரில், பீன்யா தொழிற்பேட்டையில் இருக்கிறது. ஒரு பக்கம் லேத் பட்டறை, மறுபக்கம் பெயிண்ட் அடிக்கிற ஷெட், நடுவில் தலைக்கும் காலுக்கும் உறை மாட்டிக்கொண்டு நாங்கள். எலும்பு ரவையை உடம்புச் சூட்டில் ஒரு திரவத்தில் ஊறவைப்போம். பிறகு அந்தத் திரவத்தை எலியின் செல்கள் மேல் விடுவோம். பொருள் நல்லதென்றால் மறுநாள் மைக்ராஸ்கோப்பில் செல்கள் கைகாலை நீட்டித் தட்டைப் பிடித்துக்கொண்டு சௌக்கியமாகப் படுத்திருக்கும். கெட்டதென்றால் சுருண்டு, உருண்டையாகி மிதக்கும். எங்கள் மேனேஜர் ஹாசன் ஊர்ப் பக்கத்து அம்மா. காலையில் வந்ததும் குட்மார்னிங் எல்லாம் கிடையாது, "சத்தோய்தா?" என்பார். கன்னடத்தில் செத்துப்போச்சா என்று அர்த்தம். இல்லை மேடம், உயிரோடு இருக்கு என்று நான் சொன்ன பிறகுதான் அவர் காபி குடிப்பார்.

இவ்வளவையும் மாமாவிடம் நான் மறைக்கவில்லை. கல்யாணமான வாரமே கேட்டார், என்னம்மா வேலை என்று. எலும்பு மாமா என்றேன். டம்ளரைக் கீழே வைத்தார். அதற்குப்பின் கேட்கவில்லை. வெளியே கேட்டவர்களுக்கு மெடிக்கல் லேப் ஆனது அன்றைக்குத்தான்.

அவரையும் சொல்லிக் குற்றமில்லை. அவர்கள் வீடு பல தலைமுறையாகச் சைவம். அவருடைய அப்பா காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் வந்து, மைசூர் அரசாங்கத்தில் வேலை பார்த்து, மல்லேஸ்வரத்தில் நிலைத்த குடும்பம். நான் ராணிப்பேட்டைப் பக்கம். எங்கள் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத்தலைக் கறி இல்லையென்றால் அது ஞாயிற்றுக்கிழமையே இல்லை. நானும் என் கணவரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததால் வந்த கல்யாணம் இது. வீட்டில் கறி கூடாது என்று மாமா சொன்னார், சரியென்றேன். பீன்யாவில் எங்கள் லேப் எதிரே பேக்கரி இருக்கிறது, அங்கே எக் பஃப்ஸ் நன்றாக இருக்கும் என்பதை மட்டும் இங்கே சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

மாமாவுக்குச் சைவத்துக்கு அடுத்தபடி ஒரு மதம் உண்டு, அது இயற்கை. நேச்சுரல் என்று ஒட்டியிருந்தால் மண்ணைக்கூட வாங்கிவருவார். செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, வேப்பம்பட்டைப் பல்பொடி. கெமிக்கல் என்ற சொல்லை அவர் உச்சரிக்கும்போது பக்கத்தில் குழந்தைகள் இருக்கக்கூடாது. எழுபது தாண்டியும் ஒரு பல் ஆடவில்லை, எல்லாம் அந்தப் பொடிதான் என்று பார்க்கில் சிரித்துக் காட்டுவார். நாள் முழுக்கப் பேசுவார். காய்கறிக்காரரிடம் கன்னடம், வாட்ச்மேனிடம் உருது, எங்களிடம் தமிழ், டி.வி.யிடம் மூன்றும்.

அப்படிப்பட்டவர் போன மழைக்காலத்தில் குழியில் விழுந்தார். எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் குழாயைத் தப்பான பக்கம் வைக்கிறார்கள் என்று மாமாவுக்குத் தோன்றியது. ஓரத்தில் குனிந்து யோசனை சொன்னார். மண் சரிந்தது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் அவை நின்ற எலும்பின் ஒரு துண்டும் போயின. குழாய் என்னவோ அவர் சொன்ன பக்கம்தான் வைத்தார்களாம், அதில் அவருக்கு ஒரு திருப்தி.

பல் போனது பெரிதில்லை, 'த' போய்விட்டது. தமிழில் 'த' இல்லாமல் எவ்வளவு நேரம் பேச முடியும் என்று முயன்று பாருங்கள். தயிர் கேட்டால் ஹயிர் வரும், தண்ணி கேட்டால் ஹண்ணி. 'ந'வும் சரியில்லை, மிச்ச எழுத்தெல்லாம் பாதிக் காற்று. கழற்றி மாட்டுகிற பல்செட் ஒன்று செய்து கொடுத்தார்கள். அது நிற்க எலும்பு போதாததால் 'த' சொல்லும்போதெல்லாம் முன்னால் குதித்தது. ஒருதரம் சாம்பாரில் விழுந்தது. அதோடு அதை எடுத்து ஒரு டம்ளரில் போட்டு மூடிவிட்டார். பார்க்குக்குப் போவதை நிறுத்தினார். காய்கறிக்காரரிடம் விரலால் காட்டினார். வீடு அமைதியாகிவிட்டது. அவர் எப்போது வாயை மூடுவார் என்று நானும் என் கணவரும் வருஷக்கணக்காகக் கேலி பேசியிருக்கிறோம். மூடினபோது எங்களுக்கே தாங்கவில்லை.

அவருக்கு அதிலும் தாங்க முடியாதது போன். காஞ்சிபுரத்தில் அவருக்கு ஓர் அக்கா. என் கணவருக்கு அத்தை என்பதால் எனக்கும் அத்தை. எண்பதைத் தாண்டியவர், காது மந்தம், தனியாக ஒரு வேலைக்காரம்மாவை வைத்துக்கொண்டு இருக்கிறார். எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. மூட்டு வலி என்றார், கறி சாப்பிடுகிற வீட்டுப் பெண் என்பதும் அந்த மூட்டில் எங்கோ இருந்திருக்கும். தினமும் விளக்கு வைத்ததும் அக்காவும் தம்பியும் போனில் பேசுவார்கள். அத்தைக்கு மற்றவர் குரல் எல்லாம் இரைச்சல், தம்பி குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும். பல் போனபின் அதுவும் போயிற்று. "என்னடா, வெறும் காத்தா வருது" என்பார். இவர் இன்னும் கத்துவார். இன்னும் காற்று வரும். ஒருநாள் போனை என் கையில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் அவருக்கு வாய். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைப்போம். மாமா என் காதில் கிசுகிசுப்பார், அதை நான் உரக்கச் சொல்வேன். எனக்கு லேத் பட்டறைச் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை. அத்தைக்கு அது கேட்டது. பதிலைத் தம்பிக்கு மட்டும் சொல்வார், நடுவில் இருக்கிற என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. நானும் சும்மா இருக்கவில்லை. மாமா புலம்புவதில் பாதியைக் குறைத்து, சாப்பாட்டுச் செய்தியைக் கொஞ்சம் கூட்டித்தான் அனுப்பினேன். ஒரு சாதாரண ரசத்துக்கு மிளகு வாசனையெல்லாம் சேர்த்துவிடுவேன், மாமா முறைப்பார்.

பல் டாக்டர் வழி சொன்னார். தாடையில் எலும்பு வளரவைத்து, அதில் திருகி நிலையான பல் வைக்கலாம். "இரண்டு விதம் இருக்கு சார். ஒண்ணு நேச்சுரல், ஒண்ணு சிந்தெடிக்" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் அவர் வேகமான ஆங்கிலத்தில் எல்லாமே முறையாகத்தான் சொன்னார், மூலம் என்ன, பதப்படுத்துவது எப்படி என்று. ஆனால் மாமா நேச்சுரல் என்ற சொல்லோடு கேட்பதை நிறுத்திவிட்டார். குழியில் விழுந்ததற்குப்பின் முதல் தடவையாக முகத்தில் வெளிச்சம். ஆள்காட்டி விரலைத் தூக்கி ஒன்று என்று காட்டினார். வெளியே வந்ததும் என்னிடம் பெருமையாகக் கிசுகிசுத்தார், பார்த்தியா, இதுக்கும் மூலிகை வந்துடுச்சு. (அவர் சொன்னதை 'த'வெல்லாம் சேர்த்தே எழுதுகிறேன், மரியாதைக்கு.)

அது என்ன மூலிகை என்று என் கணவரிடம்தான் முதலில் சொன்னேன். அன்று ராத்திரி என் கணவர், விடு, எரிச்ச எலும்புதானே, அவருக்குத் தெரியவா போகுது, பேச்சு வந்தா சரி என்றார். எனக்கு வந்ததே கோபம். ஒரு மனிதர் உடம்புக்குள் போவதில் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகூடக் கணக்கில்லாமல் போகக்கூடாது என்றுதான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஊரார் தாடைக்கெல்லாம் அந்த நியாயம், என் வீட்டுத் தாடைக்கு விடு என்றால் எப்படி. நான் சொல்லத்தான் போகிறேன் என்றேன். அப்ப நான் ஊரில் இல்லாத நாளாப் பார்த்துச் சொல்லு என்றார்.

சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவரைக்காய்க் காலம். மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாகக் குவியும். ஊறவைத்த பருப்பை விரலால் பிதுக்கித் தோலிலிருந்து எடுக்கிற பிதுக்கம்பருப்பு எங்கள் ஊரிலும் உண்டு, இங்கேயும் உண்டு. இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பொதுவாக அமைந்த ஒரே பதார்த்தம் அது. நானும் மாமாவும் ஹாலில் உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து, ஒன்றும் தோன்றாமல், நேராகச் சொன்னேன்.

"மாமா, அந்த நேச்சுரல்னா மூலிகை இல்ல. மாட்டெலும்பு."

அவர் விரலிலிருந்த பருப்பு தெறித்துப்போய் ஃப்ரிஜ்ஜில் அடித்தது. அடுத்த பருப்பை எடுத்தார், பிதுக்கவில்லை. பிறகு எந்த ஊர் மாடு என்று கேட்டார். வெளிநாட்டு மாடு என்றேன். எந்தப் பண்ணை, என்ன வயசு, என்ன தின்றது, மந்தையில் மாட்டுப் பைத்தியம் என்கிற நோய் இருந்ததா, எல்லாவற்றுக்கும் எங்களிடம் பதில் இருக்கும் என்று கொஞ்சம் தெம்பாகவே சொன்னேன். தானாகச் செத்த மாடுதானே என்றார்.

அந்தக் கேள்வியை என்னிடம் எந்தக் கம்பெனிக்காரரும் கேட்டதில்லை. தானாகச் செத்த மாட்டை எடுக்கவே மாட்டார்கள், அதற்கு என்ன நோயோ என்று. ஆரோக்கியமாக, நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே கொன்ற மாடுதான் எங்கள் கணக்கில் பாதுகாப்பான மாடு. இத்தனை வருஷம் இதைத் தினமும் தெரிந்துவைத்திருக்கிறேன். அவரைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னபோதுதான் அது என்ன வாக்கியம் என்பது எனக்கே உறைத்தது.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியில் காலையில் பூசிய திருநீறு வியர்வையில் கொஞ்சம் கலைந்திருந்தது. அப்புறம் ஆபீஸில் ஃபைல் பார்க்கிற பழைய தோரணை வந்துவிட்டது.

"அவ்வளவு எரிச்ச பிறகு அதுல மாடு இருக்கா, இல்லையா?"

"மாட்டோட புரதம் துளி மிச்சம் இருந்தாலும் நம்ம உடம்பு சண்டை போடும் மாமா. அது இல்லைன்னு பாக்கறதுதான் என் வேலையே."

"அப்ப நீ தினமும் போய், மாட்டுல மாடு இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வரே."

ஆமாம் என்றேன். என் வேலையை இவ்வளவு சுருக்கமாக எங்கள் மேனேஜர்கூடச் சொன்னதில்லை. மாடு இல்லையென்றால் அது பாவமில்லை, சாம்பல்தான் என்று ஒரு பக்கம் வாதாடினார். சாம்பலுக்காகக் கொன்றது பாவமில்லையா என்று மறுபக்கமும் அவரே வாதாடினார். காற்றுப் பேச்சிலேயே இரண்டு வக்கீல்களும் சளைக்கவில்லை. பாவம் இருக்கான்னு பாக்க டெஸ்ட் ஏதாவது வெச்சிருக்கீங்களா என்றார் என்னிடம். இல்லை மாமா என்றேன். கிருமிகளின் விஷம் இருக்கிறதா என்று பார்க்கக் கடல் நண்டு ஒன்றின் ரத்தத்தை வைத்துச் செய்கிற டெஸ்ட் உண்டு என்பதை அன்றைக்கு நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பிராணி போதும்.

இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம், அது முழுக்க லேபில் செய்தது, பிராணியே கிடையாது, அதையும் நாங்கள் இதே மாதிரிதான் சோதிக்கிறோம் என்று எடுத்துச் சொன்னேன். கெமிக்கலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு பக்கம் மாடு, மறுபக்கம் கெமிக்கல். அவர் வாழ்நாளில் ஒதுக்கிவைத்த இரண்டும் சேர்ந்து அவர் தாடை வாசலில் வந்து நின்றன. உங்கப்பாவா இருந்தா எதை வைப்பே என்றார். எங்கப்பா நல்லிஎலும்பு உறிஞ்சறவர் மாமா, எதை வைத்தாலும் ருசியா இருக்கா என்றுதான் கேட்பார் என்றேன். குழியில் விழுந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார், கையால் வாயை மறைத்துக்கொண்டு. சிரித்து முடித்துவிட்டு, அக்காவைக் கேட்டுடலாம் என்றார்.

அந்தக் குடும்பத்தில் எது ஆகும், எது ஆகாது என்பதில் அத்தை சொல்வதுதான் முடிவு. கேட்கப்போவது அவர், ஆனால் வாய் என்னுடையது. அத்தை நேராக என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. முதல் பேச்சே மாட்டெலும்பு.

சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டுப் போனை நடுவில் வைத்தோம். மாமா கிசுகிசுத்தார், நான் குரலெடுத்தேன்.

"அத்தை, மாமா வாயில எலும்பு வைக்கணுமாம்."

"எறும்பா? கடிக்காதா?"

இன்னும் உரக்கச் சொன்னேன். கரும்பு என்றார். எதிர் வீட்டு மிக்சி நின்றது. வேறு வழியில்லை. மாட்டெலும்பு அத்தை, மாடு, மாட்டோட எலும்பு, மாமா தாடையில் வைக்கலாமா என்று ஒவ்வொரு சொல்லாக, மல்லேஸ்வரம் முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். எதிர் வீட்டுக் கதவு திறந்து, மரியாதையாக மூடிக்கொண்டது. கெமிக்கல் விஷயத்தையும் அதே குரலில் சேர்த்துச் சொல்லி முடித்தேன்.

லைன் போய்விட்டதோ என்று மாமா போனைத் தட்டினார். பிறகு அத்தை பேசினார், தம்பியிடம் அல்ல, என்னிடம்.

"நீ எலும்புக் கம்பெனியில இருக்கேன்னு இவன் அப்பவே சொன்னான். அதுல விஷம் இருக்கா இல்லையான்னு பாக்கறது நீதானாமே?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் மெடிக்கல் லேப் என்றவர் அக்காவிடம் மட்டும் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். ஆமாம் அத்தை என்றேன். ரெண்டையும் பார்த்திருக்கியா என்றார். பார்த்திருக்கேன், ரெண்டும் நல்லதுதான் என்றேன்.

"அப்ப எதுல சீக்கிரம் பேசுவான்?"

எனக்குப் புரியவில்லை. அத்தையே சொன்னார். "எனக்கு இருக்கற காதும் போயிக்கிட்டு இருக்கு. மெஷினும் ரொம்ப நாளைக்கு உதவாதுன்னுட்டாரு டாக்டரு. அது அடைக்கறதுக்குள்ள இவன் பேசி நான் கேக்கணும். எதுல சீக்கிரம்?"

சாதியையும் பாவத்தையும் பற்றி என்னென்னவோ பதில்களைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்கள் சாகுமா, புரதம் மிஞ்சுமா, கிருமி வருமா, எல்லாம் எனக்குத் தெரியும். எது சீக்கிரம் என்று ஓர் அக்கா கேட்பதற்கு எங்கள் லேபில் டெஸ்ட் கிடையாது. டாக்டர் சொன்னதைத்தான் சொன்னேன். ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே காலம்தான் அத்தை, எலும்பு பிடிக்கவே ஆறேழு மாசம் ஆகும், அப்புறம்தான் பல்.

எண்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் தை, மாசி, பங்குனி என்று முணுமுணுத்து மாதங்களை எண்ணுவது ஸ்பீக்கரில் கேட்டது. மாமா காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, துண்டை மட்டும் எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

"அப்ப மாட்டை விட்டுடுங்க, பாவம். கெமிக்கலையே வைக்கச் சொல்லு" என்றார் அத்தை. கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "அதுவரைக்கும் நீயே சொல்லும்மா. நீ சொல்றது எனக்குக் கேக்குது."

மாமா துண்டுக்குள்ளிருந்தே என் காதுப் பக்கம் சாய்ந்தார். நான் ஒண்ணும் அழலைன்னு அவகிட்டச் சொல்லு என்றார்.

நான் போனை வாய்க்கருகில் எடுத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அத்தை, மாமா அழறாரு" என்றேன்.